விடியற்காலை நான்கு மணிக்குத் தணிக்கை கூடாது

மத்திய அரசுத் தணிக்கைத் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தொகையைக் கண்டாலும் அதற்குரிய வவுச்சர் எங்கே என்று தேடும் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்தப் பழக்கம், பனித்தளத்தில் சறுக்கியாடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பதற்கு எவ்வளவு உதவியது, எந்த இடத்தில் என் பேத்தியை அழவைத்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பனிக்கும் எனக்கும் உள்ள உறவு குளிர்சாதனப் பெட்டியோடு முடிந்துவிடுவது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2024 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. தில்லி மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்: நான், பதினான்கு வயதுப் பேத்தி, அவளுடைய பள்ளித் தோழி, எதிர்வீட்டு மாமி. கனடாவில் மான்ட்ரியல் நகரின் பெல் சென்டரில் அப்போது சனிக்கிழமை மாலை. உலக சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட். போட்டி இரண்டு பகுதி: முதலில் ஷார்ட் புரோகிராம் என்ற குறு ஆட்டம், பிறகு ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டம்; இரண்டின் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் இடம். மறுநாள் ஹோலி என்பதால் காலனிச் சிறுவர்கள் முந்தின நாளே பலூனில் தண்ணீர் நிரப்பி எறியத் தொடங்கியிருந்தார்கள். பால்கனித் தரை இன்னும் ஈரமாக இருந்தது. இரவே டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருந்தேன். ஃப்ளாஸ்கில் காபியும் ஒரு டப்பா நிறைய ரிப்பன் பகோடாவும் மாமியின் உபயம். அவருக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தூக்கம் வராத வயது, வந்து உட்கார்ந்தார்.

நேரக் கணக்கில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவன் என்ற பெயர் அன்றைக்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. குளிர்காலத்தில் மான்ட்ரியல் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் அதன் பிறகு வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம்தான். அதை மறந்து பழைய கணக்கையே போட்டதால், ஷார்ட் புரோகிராமின் முதல் ஒரு மணி நேரத்தை நாங்கள் தவறவிட்டோம். பேத்தி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஃப்ரீ ஸ்கேட்டுக்கான அலாரத்தை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள்.

அவள் காலனியின் சிமெண்டுத் தளத்தில் ரோலர் ஸ்கேட் பழகுகிறவள். பனியில் ஆடுகிறவர்களில் அவளுக்கு ஜப்பானின் ஷோமா உனோதான் எல்லாம். உனோ 2022இலும் 2023இலும் தொடர்ந்து உலக சாம்பியன்; மான்ட்ரியலிலும் ஷார்ட் புரோகிராமின் முடிவில் 107.72 மதிப்பெண்ணோடு முதலிடத்தில் இருந்தார். அடுத்தவர் அவர் நாட்டுக்காரரான யூமா ககியாமா, 106.35. மூன்றாவது, அமெரிக்காவின் இலியா மாலினின், 105.97. மூவருக்கும் இடையே இரண்டு மதிப்பெண் வித்தியாசம்கூட இல்லை. தோழி மாலினின் கட்சி. அவர் குதிக்கும் ஆக்சல் என்ற குதிப்பின் பெயரை அவள் உச்சரிக்கும்போதே குரல் உயரும். நான் ககியாமாவின் பக்கம். குதித்து இறங்கும்போது அவருடைய முழங்கால் மடிகிற விதத்தில் சத்தமே எழாது போலிருக்கும். மாமிக்குக் கட்சி இல்லை.

எங்கள் கூடத்தின் முதல் ஆரவாரம் இந்த மூவரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஆடம் சியாவோ ஹிம் ஃபா ஷார்ட் புரோகிராமில் சறுக்கி 19ஆம் இடத்தில் இருந்தவர். பின்தங்கியவர்கள் முதலில் ஆடுவது வழக்கம், ஆகவே தொடக்கக் குழுக்களில் ஒன்றிலேயே ஆட வந்துவிட்டார். நாங்கள் அரைத்தூக்கத்தில் பகோடாவைக் கொறித்துக்கொண்டிருந்த நேரம். அவருடைய பெற்றோர் மொரிஷியஸ்காரர்கள் என்று பேத்தி சொன்னாள். “காவடியெல்லாம் எடுப்பாளே, அந்த மொரிஷியஸா?” என்று மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார், அந்தக் கணத்திலிருந்து மாமிக்கும் ஒரு கட்சி கிடைத்துவிட்டது. சியாவோ ஹிம் ஃபா ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து இறங்க இறங்க எங்கள் தூக்கம் கலைந்தது. ஆட்டத்தின் நடுவே அவர் பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டார். நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அந்தக் கரணம் அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டெர்ரி குபிக்கா அதைப் போட்டுக் காட்டியதைத் தொடர்ந்து வந்த தடை அது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பிரான்ஸின் சூர்யா பொனாலி தடையைத் தெரிந்தே மீறி, அதுவும் ஒற்றைக் காலில் இறங்கிக் காட்டினார். சியாவோ ஹிம் ஃபாவுக்கும் 2 மதிப்பெண் வெட்டு விழுந்தது. அப்படியும் ஃப்ரீ ஸ்கேட்டில் மட்டும் அவருக்கு 206.90. அபராதத்தை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதி வைத்துவிட்டு வந்தவரைப் போல இருந்தார் என்று நான் சொன்னதற்குப் பெண்கள் இருவரும் சிரித்தார்கள். அன்று என் கணக்குப் பேச்சுக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான். அதன் பிறகு, முதலிடத்தில் இருப்பவருக்கான நாற்காலியில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தார்கள். மாமி ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். “பாவம், இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நேரம் இப்படி உக்காரணும்?” ஆறு மாதமாக மதிப்பெண் விதிகளைப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றாத கேள்வி. கடைசிக் குழுவை மட்டும் பார்த்தால் போதும் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது தொடக்கக் குழுவிலிருந்தே உட்கார்ந்துவிடுகிறோம்.

மாலினின் வந்தபோது தோழி சோபாவின் மேல் ஏறி நின்றாள். விளையாட்டின் வழக்கு தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆறு வகைக் குதிப்புகள் உண்டு. அவற்றில் ஐந்தில் ஆடுகிறவர் பின்நோக்கிச் சறுக்கியபடி எழும்புவார். ஆக்சல் ஒன்றில்தான் முன்நோக்கி எழும்ப வேண்டும்; இறங்குவதோ எப்போதும் பின்நோக்கியே என்பதால் அதில் அரைச் சுற்று கூடுதலாகிறது. ஆகவே நான்கு சுற்று ஆக்சல் என்று பெயர் சொன்னாலும் காற்றில் நாலரைச் சுற்று. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், அதற்குமுன் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த யுசுரு ஹன்யூ அதை முயன்று, சுற்று நிறையாமல் விழுந்து, நான்காம் இடத்தோடு திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் லேக் பிளாசிட் நகரில் நடந்த போட்டியில் 17 வயது மாலினின்தான் உலகில் முதன்முறையாக அதைச் சரியாக இறக்கியவர். மான்ட்ரியலில் அவர் ஆட்டத்தைத் தொடங்கியதே அதில்தான்.

அந்த நாலரைச் சுற்றை நாங்கள் முழுமையாக ரசித்தோமா என்றால், இல்லை. லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த படம் நிஜ நேரத்துக்கு அரை நிமிடம் பின்தங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மாலினின் இன்னும் வேகம் கூட்டி வளைந்து வந்துகொண்டிருக்கும்போதே, மேசைமேல் கிடந்த தோழியின் கைபேசி ஒளிர்ந்தது. வேறொரு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் அனுப்பிய செய்தி: “இறக்கிட்டான்!!!” தோழி அதைப் படித்த முகத்தை நாங்கள் பார்த்தோம், பிறகு குதிப்பைப் பார்த்தோம். முடிவு தெரிந்த குதிப்பு என்பது தேதி முடிந்த காசோலை மாதிரி. இப்போதெல்லாம் கைபேசிகள் சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். ஆட்டம் முடியும்வரை ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் மாமிதான் எடுத்து வருவார், ஏனென்றால் அவருக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

நல்லவேளையாக அந்தச் செய்தி ஒரு குதிப்பைத்தான் கெடுத்தது. நான்கு நிமிட ஆட்டத்தில் ஆறு நான்கு-சுற்றுக் குதிப்புகள். ஒவ்வொன்றும் இறங்கியபோது பெல் சென்டரின் இரைச்சல் ஒரு படி ஏறியது; கடைசி அரை நிமிடத்தில் இசை கேட்கவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவரே நம்ப முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு பனியில் சரிந்தார். மதிப்பெண் 227.79 என்று வந்தது. 2019ஆம் ஆண்டு டூரின் நகரில் அமெரிக்காவின் நேதன் சென் எடுத்திருந்த 224.92 என்ற ஃப்ரீ ஸ்கேட் சாதனை அதோடு முறிந்தது. எங்கள் கூடத்தில் சோபாவின் ஸ்பிரிங் முறிந்தது. கீழ்வீட்டுக்காரர் காலிங்பெல்லை அழுத்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் கதவைத் திறந்து, வயதுக்கு மரியாதை இருக்கும் என்ற நம்பிக்கையில், மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, “கிரிக்கெட்டா?” என்றார். இல்லை என்றதும் ஏமாற்றமாகிவிட்டது அவருக்கு. நள்ளிரவுக்கு மேல் ரசிகர்களைக் கூட்டுகிறவர்கள் கீழ்வீட்டில் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது; நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன்.

உனோவின் ஆட்டத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. ஆரம்பக் குதிப்புகளிலேயே தடுமாறினார். பேத்தி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் உறையிலிருந்து ஒரு நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துவிட்டது. இறுதிப் பட்டியல் வந்தபோது மாலினின் 333.76, ககியாமா 309.65, 19ஆம் இடத்திலிருந்து ஏறி வந்த சியாவோ ஹிம் ஃபா 284.39. உனோ 280.85, நான்காம் இடம். மாமி கைதட்டினார். தோழி ஆடினாள். பேத்தி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போது நான் செய்ததுதான் தவறு. அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்து, “வெண்கலத்துக்கும் உனோவுக்கும் 3.54தான் வித்தியாசம்மா. ஒரு குதிப்பைச் சரியாக இறக்கியிருந்தால் வந்திருக்கும். ஒரு தடவை விழுந்தாலே 1 மதிப்பெண் தனியாகப் போய்விடும், அதோடு நடுவர்களின் தரப்புள்ளியும் மைனஸில் போகும்” என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அத்தனையும் விதிப்படி சரி. அவள் நிமிராமலேயே, “தாத்தா, இப்ப கணக்கு வேண்டாம் தாத்தா” என்றாள். மாமி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஃப்ளாஸ்கைத் திறந்து, காபி குடிக்கும் வயது ஆகாத பெண்ணுக்கு அரை டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள். வெளியே குருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

தணிக்கைக்கு ஒரு முறை உண்டு: பெரும்பாலும் செலவு முடிந்து, கணக்கு எழுதிய பிறகுதான் நாங்கள் உள்ளே நுழைவோம். பணம் செலவாகிக்கொண்டிருக்கும்போதே தணிக்கை செய்வது அரிது. அத்தனை ஆண்டுகள் கடைப்பிடித்த அந்த ஒழுங்கை என் வீட்டுக் கூடத்தில் மறந்துபோனேன்.

கணக்கைப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அன்று மத்தியானம், எல்லோரும் தூங்கி எழுந்த பிறகு, போட்டி நடத்துகிறவர்கள் வெளியிடும் மதிப்பெண் விவரத் தாளை அச்செடுத்து மேசைமேல் விரித்தேன். தோழிதான் முதலில் வந்தாள். பேத்தி சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம். குதிப்பு, சுழல், அடிவைப்பு என்று செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முதல் பத்தியில் அதன் அடிப்படை மதிப்பு. நான்கு சுற்று ஆக்சலுக்கு 12.5, வேறு வகைக் குதிப்புகளான லுட்ஸுக்கு 11.5, டோ லூப்புக்கு 9.5. அதற்கு அப்பால் ஒன்பது நடுவர்களும் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை போட்ட தரப்புள்ளிகள். ஒன்பதில் மிக உயர்ந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் நீக்கிவிட்டு மீதி ஏழின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தின் கடைசி மூன்று குதிப்புகள் இரண்டாம் பாதியில் வந்தால், களைத்த காலோடு குதிப்பதற்காக அடிப்படை மதிப்பில் பத்து விழுக்காடு கூடுதல். அந்த வரியில் ஒரு சிறிய பெருக்கல் குறி இருக்கும். சுற்று கால் பாகத்துக்கு மேல் குறைந்தால் அம்புத்தலை போன்ற குறி விழும். அடிப்படை மதிப்பு எண்பது விழுக்காடாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் கீழே மூன்றே வரிகள்: ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்படுத்தும் விதம், சறுக்கும் திறன். எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே இந்த மூன்று வரிகளைப் பற்றியவைதான். ‘மாலினினுக்குக் குதிப்பு மட்டும்தான் வரும், ஆட்டம் எங்கே?’ என்பது பேத்தியின் நெடுநாள் வாதம். ‘நாலரைச் சுற்று சுற்றுவதே ஆட்டம்தான்’ என்பது தோழியின் பதில். விடியற்காலையில் இந்த வாதத்துக்கு ஆதாரம் கிடையாது, தொண்டைதான் உண்டு. தாளை வைத்துக்கொண்டு பேசும்போது இருவரும் தங்களையறியாமல் குரலைத் தாழ்த்தினார்கள். தோழி மாலினினின் பக்கத்தில் குதிப்புகளின் வரிகளை மட்டும் விரலால் கூட்டிப் பார்த்தாள். பேத்தி கடைசி மூன்று வரிகளைக் ககியாமாவின் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். உனோவின் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. நான் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, கோடை தொடங்கியதும், குருகிராமில் ஒரு ஷாப்பிங் மாலின் மேல்மாடியில் இருக்கும் பனித்தளத்துக்கு அவர்களை அழைத்துப்போனேன். வெளியே அனல் காற்று, உள்ளே ஸ்வெட்டர். வாடகைக் காலணியின் கயிற்றை விரல்களின் பக்கம் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும் என்று சொல்லி அங்கிருந்த பையன் எனக்குக் கட்டிவிட்டான். நான் சறுக்கவில்லை, நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலடியில் இருக்கும் தகட்டின் அடிப்பக்கம் தட்டையானதில்லை, நடுவில் குழிந்து உள்ளும் வெளியுமாக இரண்டு விளிம்புகள் உள்ளது என்பதைப் பல தடவை படித்திருக்கிறேன். கணுக்காலை அரை அங்குலம் சாய்த்ததும் உடம்பு தானாக ஒரு வட்டத்துக்குள் இழுபட்டபோதுதான் படித்தது புரிந்தது. அந்த இழுப்பின் மேல் நின்றுகொண்டு, வேகத்தைக் குறைக்காமல், ஒருவர் எழும்புகிறார். இறங்கும்போது ஒரே காலின் வெளிவிளிம்பில் இறங்குகிறார். இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது முட்டியில் ஒரு நீலத் தழும்பு. அதற்குப் பிறகு, விழுகிற ஆட்டக்காரரைப் பார்த்து ‘ஐயோ, விட்டுட்டானே’ என்று நான் சலித்துக்கொள்வது நின்றுவிட்டது.

பேத்திக்கு அங்கே வேறொன்று கிடைத்தது. ரோலர் ஸ்கேட் பழகிய பழக்கத்தில் அவள் நான்கைந்து சுற்று தைரியமாகப் போனாள். பிறகு நின்று, தான் போன தடத்தைக் குனிந்து பார்த்தாள். பனியில் தகடு கீறிய கோடு அப்படியே இருந்தது, நடுங்கி நடுங்கிப் போன கோடு. அதன் குறுக்கே, அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கோடு, காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வளைந்திருந்தது. அவள் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னால் வந்த சிறுவன் ஒருவன் மோதி மூவரும் விழுந்தார்கள்.

மே மாதம் உனோ போட்டிகளிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். செய்தியை நான்தான் முதலில் பார்த்தேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்தவள் ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். சீருடையை மாற்றாமலேயே லேப்டாப்பைத் தொலைக்காட்சியில் இணைத்து, அவருடைய பழைய ஃப்ரீ ஸ்கேட் ஒன்றை ஓடவிட்டாள். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதும் நிறுத்தினாள். “வர்ணனை இல்லாம, பாட்டு இல்லாம, காலை மட்டும் பாருங்க தாத்தா” என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாதி ஆட்டத்தில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “அலமாரில ஒரு தாள் வச்சீங்களே, அது இருக்கா?” என்று கேட்டாள்.